பிரேக்கில் தடவிய நல்லெண்ணெய்

தம்பி,

நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிவிடுவாய். ஹெல்மெட் மாட்டிய பிள்ளையிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம். அதனால்தான் எழுதுகிறேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீ பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் ஜொகூருக்குக் குடிபோகிறாய். யமுனா நல்ல பெண், அவளைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். அவள் அம்மாவுக்கு டயாலிசிஸ், அவரை விட்டுவிட்டு அவளால் இங்கே வரமுடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் உன் வேலை இங்கே சிங்கப்பூரில், ஈசூனில். ஆகவே நீ தினமும் விடியுமுன் எழுந்து, காஸ்வே பாலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கும் மோட்டார்சைக்கிள்களோடு முண்டியடித்து இந்தப் பக்கம் வருவாய், சாயங்காலம் அதேபோல் திரும்பிப் போவாய். மழையிலும் அப்படித்தான், காய்ச்சலிலும் அப்படித்தான். இதை நிறுத்த எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வழி தெரியாதவள் வேறென்ன செய்வாள், கடிதம்தான் எழுதுவாள்.

இது உன் கண்ணுக்கு மட்டும் என்று நான் மூடிவைக்கப் போவதில்லை. லிட்டில் இந்தியாவில் நான் பூக்கட்டும் கடைக்கு வண்டி மாலை வாங்க வரும் அம்மாக்களும் படிக்கட்டும். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மகன் புது பைக்கின் பக்கத்தில் நின்று போன் நோண்டிக்கொண்டிருப்பான். அம்மாதான் கடைக்குள் வந்து, "எலுமிச்சம்பழம் நாலு குடுங்க, நல்லா கெட்டியா பாத்துக் குடுங்க" என்பாள். கெட்டியான பழம் என்றால் மகன் பத்திரமாக இருப்பான் என்பது அவள் கணக்கு. நான் மாலையைச் சுற்றிக் கொடுக்கும்போது, "ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி கழட்டிடச் சொல்லுங்கக்கா, நூலு சக்கரத்துல சுத்திக்கும்" என்று சொல்வேன். "சாமி மாலைய அப்படி உடனே கழட்டலாமா?" என்று அவள் முகம் சுருங்கும். கழற்றலாம் அக்கா. சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.

உன் வண்டிக்கு மாலை கட்டிய நாள் எனக்கு மறக்கவில்லை. அந்த வண்டி வேண்டாம் என்று நான் நடத்திய சண்டை நம் அடுக்குமாடி ப்ளாக்கில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். உன் அப்பா கப்பல் பட்டறைக்கு மோட்டார்சைக்கிளிலேயே போய்வந்தவர், முழங்கால் தேய்ந்த பிறகுதான் விட்டார். அத்தனை வருஷமும் அவர் வீடு திரும்பும் நேரத்தில் என் கை அடுப்பில் இருக்கும், காது வாசலில் இருக்கும். அவர் விட்டதும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். நீ போய் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். "அவன் பொழச்சுக்குவான், நீ சும்மா இருலா" என்றார் உன் அப்பா. சும்மா இருப்பது அவருக்கு எளிது. எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் பிறகு எல்லாக் கோளாறையும் செய்தது.

முதல் கோளாறு தோசையால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நீயும் அப்பாவும் கார்ப்பார்க் மூலையில் குந்தி உட்கார்ந்து எஞ்சின் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். வொர்க்‌ஷாப்புக்குப் போனால் ஆகாதா என்றால், "நம்ம வண்டிய நாமதான் பாக்கணும்" என்று அப்பாவும் பிள்ளையும் ஒரே குரலில் சொன்னீர்கள். நான் மேலே காரிடாரிலிருந்து கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை. "தோசை ஆறிப்போகுது, வாங்க ரெண்டு பேரும்! எத்தனை தடவ கூப்பிடுறது!" பழைய ஆயில் எல்லாம் வடிந்து, அடியிலிருக்கும் போல்ட்டைக் கையால் திருகி வைத்திருந்தாய். ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் போட்ட கூச்சலில் அப்பா, "இரு, சாப்ட்டுட்டு வந்து டைட் பண்ணிக்கலாம், உங்கம்மா ப்ளாக்கையே எழுப்பிடுவா" என்று உன்னை எழுப்பிக்கொண்டு வந்தார். சாப்பிட்டீர்கள். தேங்காய்ச் சட்னி நன்றாக இருக்கிறது என்று நீ சொன்னாய். கீழே போய்ப் புது ஆயிலை ஊற்றி மூடினீர்கள். போல்ட்டை நீ இறுக்கிவிட்டாய் என்று அவர் நினைத்தார், அவர் இறுக்கிவிட்டார் என்று நீ நினைத்தாய்.

மறுநாள் எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து இறங்கும் வளைவில் அந்த போல்ட் கழன்று விழுந்தது. ஆயில் முழுக்கப் பின்சக்கரத்தில் கொட்டி, வண்டி உன்னைக் கீழே தள்ளிவிட்டு ரோட்டில் தேய்த்துக்கொண்டே போனது. பின்னால் ஒரு லாரி. அதை ஓட்டியவர் எப்படி நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது என்று சொன்னாய். லாரியின் பின்பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பையன்கள் குதித்து ஓடிவந்து உன்னைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருவன் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து, "ஒண்ணும் இல்லண்ணே, ஒண்ணும் இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவனே நடுங்கினானாம். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நீ கேட்கவில்லை. நான் அவனுக்காக இன்றைக்கும் விளக்கேற்றுகிறேன். பெயர் தெரியாததால் "தண்ணி குடுத்த பிள்ளை" என்றுதான் சாமியிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு நீ முழங்கை தோல் உரிந்து வந்து நின்றபோது உன் அப்பா தன்னைத்தான் திட்டிக்கொண்டார். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "தோசை ஆறினா ஆறட்டும்னு நீங்க இருந்திருக்கலாம்ல?" என்று நானே ஆரம்பித்தேன். அப்பா, "நீ கூப்பிட்டா யாரு உக்காந்திருக்க முடியும்?" என்றார். நீ சிரித்துவிட்டாய். ஆகவே, தம்பி, உனக்கு நான் சொல்லும் புத்தியில் ஒன்று இது. வண்டியில் கை வைத்தால் முடித்துவிட்டு எழுந்திரு. யார் கூப்பிட்டாலும் எழாதே. யமுனா கூப்பிட்டாலும் எழாதே, அவளிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளலாம்.

அதோடு நான் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருந்தேனா? அந்த வருஷ ஆயுத பூசை வந்தது. நம் வீட்டில் ஆயுதம் என்றால் என்ன இருக்கிறது? என் பூக்கடைக் கத்தரிக்கோல், அப்பாவின் பழைய ஸ்பானர் பெட்டி, என் மிக்சி, உன் லேப்டாப், அப்புறம் கீழே நிற்கும் அந்த வண்டி. அதற்குத்தான் முதல் மரியாதை செய்தேன். அந்த விபத்துக்குப் பிறகு எனக்கு அதன் மேல் பயம். பயந்தால் அதிகமாகக் கும்பிடுவோம், அப்படித்தானே நம் வழக்கம்? விளக்கு, டேங்க், ஹேண்டில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். முன்சக்கரத்தில் தட்டு மாதிரி பளபளவென்று, ஓட்டை ஓட்டையாக ஒன்று இருந்தது. "இது என்னடா?" என்று கேட்டேன். "அதான்மா டிஸ்க். வண்டிய நிறுத்துறதே அதான்" என்றாய். நிறுத்துவதே அதுதான் என்றால் அதற்குப் பொட்டு வைக்காமல் விடுவேனா? நீ போன் பேச நகர்ந்த நேரத்தில் அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக வைத்தேன். இரண்டு பக்கமும் வைத்தேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் தேவலை. "நாளைக்கு வேலைக்குப் போறப்ப சந்தனம் குங்குமத்தோட போக முடியாதும்மா, மேனேஜர் கேப்பாரு. தொடச்சிடு" என்று படுக்கப் போகும்போது சொன்னாய். காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தபோது ஈரத்துணியோடு இறங்கினேன். எல்லாம் போய்விட்டது, அந்தத் தட்டில் மட்டும் ஓட்டைகளுக்குள் சந்தனம் காய்ந்து பிடித்துக்கொண்டது. குத்துவிளக்கில் இப்படிப் பிசுக்குப் பிடித்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். நல்லெண்ணெய். மேலே ஓடிப்போய்க் கிண்ணத்தில் எடுத்துவந்து, பழைய சேலைத் துணியில் தோய்த்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, அந்தத் தட்டை இரண்டு பக்கமும் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். கண்ணாடியாக மின்னியது. என் முகமே அதில் தெரிந்தது. இதைவிட நன்றாக ஒருத்தியால் செய்ய முடியாது என்று எனக்குப் பெருமைகூட வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ அவசரமாக இறங்கி, வண்டியைத் திருப்பி, கார்ப்பார்க்கைத் தாண்டிப் போய்விட்டாய். முதல் சிக்னலில் பச்சை. இரண்டாவதில் உனக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. நீ முன் பிரேக்கைப் பிடித்தாய். பிடித்தது, ஆனால் பிடிக்கவில்லை என்று நீ சொன்ன விதம் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. பின் பிரேக்கை மிதித்ததும் வண்டி பக்கவாட்டில் இழுக்க, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து, இரும்பு வேலியில் மோதி நின்றாய். கண்ணாடி உடைந்தது, தோள் வீங்கியது. அந்தச் சந்தில் அப்போது ஒருவரும் இறங்கி நடக்கவில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்கூல் பிள்ளை இறங்கியிருந்தால் என்று நான் யோசிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சாயங்காலம் வந்தாய். வொர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்த்தவர் டிஸ்க்கை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, உன்னை ஒரு மாதிரி பார்த்தாராம். நீ ஷூவைக் கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, சக்கரத்துல எண்ணெ தேச்சியா?" என்று கேட்டாய்.

"கறையா இருந்துச்சுடா. பளபளனு இருக்கட்டும்னு..."

அப்பா கத்த ஆரம்பித்தார். "மூளை இருக்கா உனக்கு? பிரேக்குல எண்ணெ தடவுவாளா ஒருத்தி?" நீ அவரைக் கைகாட்டி நிறுத்தினாய். என்னை உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். "அது சொரசொரனு இருந்தாத்தாம்மா பிடிக்கும். எண்ணெ பட்டா வழுக்கும். பரவால்ல, பிரேக் பேட் மாத்தியாச்சு." நீ கோபப்பட்டிருக்கலாம். அவ்வளவு பக்குவமாகப் பேசியதுதான் என்னைக் கொன்றது. நான் உன் வண்டியைத் தொடுவதை அன்றோடு விட்டேன். அடுத்த வருஷங்களில் ஆயுத பூசைக்குக் கற்பூரம் மட்டும் தள்ளி நின்று காட்டினேன். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள் போல நிற்பேன். நீயும் என்னைப் பக்கத்தில் கூப்பிடவில்லை.

அதன்பிறகு எனக்கு மிஞ்சியது பார்ப்பது மட்டும்தான். நீ கிளம்பும்போது காரிடாரில் வந்து நின்று கையாட்டுவேன். நீ திரும்பிப் பார்க்கமாட்டாய். ஆனால் கார்ப்பார்க் முடிகிற வளைவில், முன்னால் ஒரு வண்டியும் இல்லாதபோதும், உன் பின்விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரியும். அணையும். இன்னொரு தடவை எரியும். அப்புறம் ரோட்டில் ஏறிவிடுவாய். அது எனக்குத்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்க்க முடியாது, அதனால் பிள்ளை விளக்குப் போட்டு "வரேம்மா" என்கிறான். அந்த இரண்டு சிவப்பைப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுது எனக்கு ஓடிவிடும். பார்க்காமல் விட்ட நாளிலெல்லாம், கடைக்குப் போகும் வழியில் நியூட்டன் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது உனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பேன். சாப்பாட்டைப் பற்றியா கேட்டேன்?

இந்த வருஷ ஆயுத பூசைக்கு யமுனா வந்திருந்தாள். நான் வழக்கம்போலத் தள்ளி நின்றேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சந்தனக் கிண்ணத்தில் என் விரலைத் தோய்த்து, டேங்க்கின் மேல் கொண்டுபோய் வைத்தாய். "இங்க எவ்ளோ வேணாலும் வைம்மா. இங்க வெச்சா ஒண்ணும் ஆகாது."   ஒரே ஒரு பொட்டு வைத்தேன். பிறகு நீ ஏதோ வாங்கக் கிளம்பினாய், நானும் யமுனாவும் மேலே வந்து காரிடாரில் நின்றோம். நான் கையாட்டினேன்.

"அவரு பாக்கமாட்டாரே அத்தை, ஏன் கையாட்டுறீங்க?"

"பாக்கமாட்டான்லா. ஆனா அந்த வளைவுல எனக்கு லைட்டு போட்டுக் காட்டுவான், பாரு."

எரிந்தது. அணைந்து மறுபடி எரிந்தது. யமுனா சிரித்தாள். வஞ்சகம் இல்லாத பிள்ளை, மனதில் பட்டதைச் சொல்லிவிட்டாள். "ஐயோ அத்தை, அது உங்களுக்கு இல்ல! பிரேக் பிடிக்குதான்னு செக் பண்றாரு. முதல்ல முன் பிரேக், அப்புறம் பின் பிரேக். ஏதோ ஒரு ஆயுத பூசையில எண்ணெ ஆயிடுச்சாம்ல, அதுக்கப்புறம் அப்படிப் பாக்காம ரோட்டுல ஏறமாட்டாராம். எங்க வீட்டு வாசல்லயும் அதேதான்."

நான் "ஓ, அப்படியா?" என்று சிரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இத்தனை வருஷமாக என் பிள்ளை எனக்கு டாட்டா காட்டுகிறான் என்று நான் பூரித்துப்போய் நிற்க, அவனோ அம்மா கை பட்ட வண்டி நிற்குமா நிற்காதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, தம்பி. அழுகையும் வந்தது. உன் மேல் கோபமும் வந்தது, அதற்கு ஒரு நியாயமும் இல்லை என்று தெரிந்தே வந்தது.

அப்புறம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எதையெல்லாம் செய்தேனோ அதெல்லாம் உன்னை ரோட்டில் தள்ளியது. தோசை தள்ளியது, சந்தனம் தள்ளியது, எண்ணெய் தள்ளியது. நான் செய்த தப்பால் உனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்றுதான் தினமும் உன்னைக் காத்து அனுப்புகிறது. என் கையால் உனக்குக் கிடைத்த நல்லது இவ்வளவுதானா என்று நினைத்தால் சிரிப்புகூட வருகிறது. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "அவன் அங்க போனப்புறம் அந்த போல்ட்ட யாரு பாப்பாங்க?" என்றார். சும்மா இரு சும்மா இரு என்று என்னைச் சொன்ன மனுஷன், தினமும் நீ தூங்கியபின் கீழே போய் உன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறாராம். குப்பை கொட்டப் போவதாக என்னிடம் சொல்வார். நம் வீட்டில் அவ்வளவு குப்பை ஏது என்று நான் கேட்டதே இல்லை.

ஜொகூரில் உன் வாசலுக்கு அவர் டார்ச்சும் வராது, என் கண்ணும் வராது. நம் அடுப்படி ஜன்னலில் நின்றால் அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் தெரிகின்றன. இவ்வளவு பக்கமா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பக்கம்தான். ஆனால் பாலத்தில் நகரும் அத்தனை விளக்குகளில் உன் விளக்கு எது என்று எனக்கு எப்படித் தெரியும்? மழை பெய்தால் உனக்கு போன் செய்வேன், செய்யாதே என்றாலும் செய்வேன். நீ எடுக்காதே. ஓட்டும்போது போன் அடித்தால் அது நான்தான், ஒன்றும் அவசரம் இல்லை, பயம்தான். லாரிக்கும் லாரிக்கும் நடுவே நுழையாதே. தூக்கம் வந்தால் அன்றைக்கு வேலைக்குப் போகாதே, டாக்டரிடம் எம்சி வாங்கி லீவு எடு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே திரும்பச் சொல்வதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதும் அதை விட்டுவிடாதே. முதலில் முன் பிரேக், அப்புறம் பின் பிரேக். அவசரமானாலும் சரி, மழையானாலும் சரி, யமுனாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் சரி. அது எனக்கு இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ கிளம்பும் நேரத்துக்கு நான் காரிடாரில் வந்து நிற்பேன். கீழே கார்ப்பார்க்கில் உன் இடத்தில் வேறு யாருடைய வண்டியாவது நிற்கும். நீ அங்கே பிரேக்கைப் பிடி. நான் இங்கே கையாட்டிவிட்டு உள்ளே போகிறேன்.

உன் அம்மா